முருகனுக்கு மணை, ஜப்பான்காரருக்கு மூடி

அந்த வெள்ளிக்கிழமை காலை, துபாய் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பின் பதினேழாம் நம்பர் அறையில், முருகன் படத்துக்கு முன்னால் நெற்றி தரையில் படக் குப்புறக் கிடந்தேன்.

அறையில் ஆறு பேர் இருந்தார்கள். லீவு நாள். லுங்கியும் பனியனுமாகக் குபூஸ் ரொட்டியைச் சாம்பாரில் முக்கித் தின்றுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

“டேய், சூப்பர்வைசர் சாருக்குப் பக்தி முத்திருச்சுடா.”

“முத்தட்டும். ஓவர்டைம் ரெண்டு மணி கூடப் போடுவாரு.”

பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. முருகன் உட்கார்ந்திருந்த மணைப் பலகையின் அடிப்பக்கத்தை மொபைல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் இரண்டு சட்டங்கள். அந்தச் சட்டங்களுக்கு நடுவே, மெல்லிய கறுப்பு மையில், மேலிருந்து கீழாக இறங்கும் ஜப்பானிய எழுத்துகள்.

மேலே பார்த்தேன். சந்தனம், குங்குமம், விபூதி, எண்ணெய்த் திரி. வேலோடு முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்தத் தொடரில் நான் கதாநாயகனாக வந்த வாரங்களைவிடக் கோமாளியாக வந்த வாரங்கள்தான் அதிகம் என்று கோயம்புத்தூர் வாசகி ஒருவர் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார். அம்மா, இந்த வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதறினால் இந்தி வரும்

என் பதற்றத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மேலே படித்தால் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்து ஏமாந்துபோவீர்கள்.

பதற்றம் வந்தால் மற்றவர்களுக்கு வேர்க்கும், கை நடுங்கும். எனக்கு இந்தி வரும். யாரிடம் பேசுகிறேன் என்ற விவஸ்தை இல்லாமல் இந்தியில் கொட்டுவேன். தம்மாமில் முதல் வேலையில் இருந்தபோது பிடித்துக்கொண்ட வியாதி இது. அங்கே துறைமுகத்தில் நான் இறக்கவேண்டிய ஏர்கண்டிஷனர்கள் வேறு ஒரு வண்டியில் எங்கோ போய்விட, ஏர்கண்டிஷனர் முதலாளியின் வீட்டுக்கு எவருக்கோ வந்த நாற்பது மூட்டை வெங்காயம் போய் இறங்கிவிட்டது. முதலாளி சவுதிக்காரர். அவருக்கு இந்தி தெரியாது. அரைமணி நேரம் இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கடைசியில் என் தோளைத் தட்டி, “கலாஸ், கலாஸ்”, போனது போகட்டும் என்று சொல்லி ஒரு மூட்டை வெங்காயத்தை எனக்கே கொடுத்தனுப்பினார்.

இரண்டாயிரங்களின் நடுவில், துபாயில், ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கிடங்கின் சூப்பர்வைசராக இருந்தேன். மார்பிள், கதவு, சோபா என்று எல்லாவற்றையும் ஏற்றி இறக்கிப் பழகிய கை. ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். லெபனான்காரர். அவர் அகராதியில் இருக்கும் ஒரே வினைச்சொல் ‘யல்லா’, கிளம்பு. ‘மாஃபி’, அதாவது இல்லை, என்ற சொல்லே அதில் கிடையாது.

“ஜப்பானிலிருந்து ஓவியங்கள் வருகின்றன. ஹோட்டல் அரங்கில் மூன்று வாரக் கண்காட்சி. இறக்குவது, பிரிப்பது, திரும்பக் கட்டி அனுப்புவது எல்லாம் நீதான். யல்லா.”

ஓவியம்தானே, சோபாவைவிட லேசாக இருக்கும் என்று தலையாட்டினேன்.

பசை காய்ச்சிய மூன்று வருஷம்

வந்தவர் இசோபே. எண்பதைத் தாண்டியவர், சக்கர நாற்காலியில். அவருடைய மாணவர்கள் அவரை ‘சென்செய்’ என்றார்கள். நம்மூரில் வாத்தியார் என்பது போல, ஆனால் வாத்தியாரைக் கிண்டல் செய்யும் பழக்கம் மட்டும் அதில் கிடையாது.

அவர் வரைவது அவர்கள் நாட்டுப் பழைய முறை. வண்ணம் என்றால் டியூபைப் பிதுக்குவது அல்ல. பச்சைக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல். அரைத்து, சலித்து, அந்தத் தூளைத் தோலிலிருந்து எடுத்த பசையில் குழைக்கவேண்டும். அதே கல்லைக் கொரகொரப்பாக அரைத்தால் அடர்ந்த நீலம், மாவாக அரைத்தால் விடியற்கால வானம் போல வெளிறிய நீலம். ஜப்பானில் இன்றைக்கு இந்த முறையைக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கும் பலர் இசோபேயின் மாணவர்கள், இல்லையென்றால் அவருடைய மாணவர்களின் மாணவர்கள் என்று சொன்னார்கள். படத்தில் முக்கால்வாசியைச் சும்மா விட்டுவிட்டு, மிச்சம் கால்வாசியில் பார்ப்பவனை நிறுத்திவைக்கிற துணிச்சலை அவரிடமிருந்துதான் ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டதாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் தெராவோ. மாணவர் என்றதும் மீசை முளைக்காத பையன் என்று நினைக்காதீர்கள். ஐம்பத்திரண்டு வயது, தலையில் பாதி வழுக்கை, மூட்டுவலிக்குக் களிம்பு. இருபத்தாறு வருஷமாக மாணவர்.

“முதல் மூன்று வருஷம் பசை மட்டும் காய்ச்சினேன்” என்றார் ஆங்கிலத்தில், அரங்கின் பின்வாசலில் சுலைமானி என்கிற பால் இல்லாத டீயைக் குடித்தபடி. “பசை கொதிக்கக் கூடாது. கொதித்தால் செத்துவிடும். வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து இளக்கவேண்டும். சென்செய் வந்து சுண்டுவிரலை முக்குவார், தேய்த்துப் பார்ப்பார்.”

“பிறகு?”

“தொட்டியில் கொட்டிவிடுவார்.”

“திட்டமாட்டாரா?”

“திட்டினால் சந்தோஷப்பட்டிருப்பேன்.”

கண்காட்சிக்கு வந்தவை பதினான்கு படங்கள். ஏழு குருவினுடையவை, ஏழு மாணவர்கள் வரைந்தவை. பதின்மூன்று படங்கள் துணியில் சுற்றிய சுருள்கள். தெராவோவினுடையது மட்டும் சதுரப் பலகையில் ஒட்டிய படம். மழையில் தொப்பலாக நனைந்த ஒரு காக்கை, மின்கம்பியில். ‘மழை விட்ட பிறகு’ என்று பெயர். அந்த ஒரு காக்கைக்கு நாலு வருஷம் ஆனதாம். என் வீட்டு பால்கனியில் தினமும் ஏழெட்டு உட்கார்ந்து கத்திவிட்டுப் போகின்றன, அவற்றை நான் நாலு நொடி பார்த்ததில்லை.

காலி மரம் கேம்ப்புக்கு

இப்போது என் திருவிளையாடலுக்கு வருகிறேன்.

எங்கள் கிடங்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சரக்கை எடுத்த பிறகு மிச்சமாகும் மரம் கேம்ப் ஆட்களுக்கு. ஒன்பது பேர் அறையில் ஒருவனுக்குச் சொந்தமாக இருப்பது ஒரு கட்டிலும் அதன் அடியும்தான். அந்த அடியில் ஒரு நல்ல மரப்பெட்டி கிடைத்தால் அவன் ராஜா. ஊருக்கு வாங்கிய சென்ட் பாட்டில், பெண்டாட்டி கடிதம், ஊறுகாய் ஜாடி எல்லாம் அதற்குள் போகும். அதனால் வண்டி காலியான உடனே, “எடுத்துக்கங்கப்பா” என்று கை காட்டுவது என் வழக்கம். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கர்ணன் என்று பெயர்.

ஜப்பான்காரர்களிடமும் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. படத்தில் பாதி, அது வைத்திருக்கும் பெட்டி. எடை இல்லாத, பட்டுப் போன்ற வெள்ளை மரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அளவெடுத்துச் செய்த பெட்டி. மூடியின் வெளிப்புறம் படத்தின் பெயரைக் குரு தன் கையால் எழுதுவார். உட்புறம் வரைந்தவர் பெயரும் தன் கையெழுத்தும். ‘இதை நான் ஒப்புக்கொள்கிறேன்’ என்று அதற்கு அர்த்தம். மூடி இல்லாத படம், அப்பன் பேர் இல்லாத பிள்ளை மாதிரி.

இதை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. மனிதனுக்குத் தலை முக்கியம் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

படங்களை மாட்டி முடித்த அன்றைக்கு, சுவரோரம் அடுக்கியிருந்த பதினான்கு காலிப் பெட்டிகளைப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தன. நம் ஆட்களின் முகம் ஞாபகம் வந்தது. பாழாய்ப்போன கர்ணன் விழித்துக்கொண்டான்.

நாலாம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், தெராவோ பணிவாகக் குனிந்து கேட்டார். “சனிக்கிழமை திறப்பு விழாவுக்கு முன்னால் சென்செய் மூடிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பார். அது எங்கள் வழக்கம். பெட்டிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?”

நான் அவருக்கு இந்தியில் பதில் சொன்னேன்.

பதின்மூன்று மீட்பு

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் நான் கேம்ப்பில் அலைந்த அலைச்சலை ஒட்டகம் பார்த்திருந்தால் அழுதிருக்கும்.

ஒன்று மெஸ்ஸில் பூண்டு வைக்கும் பெட்டியாகியிருந்தது. ஒன்றில் பெஷாவர்க்கார டிரைவர் தன் மூன்று ஜோடி செருப்பைத் தூங்கவைத்திருந்தார். இரண்டு பெட்டிகளை இணைத்து ஒரு மலையாளி டி.வி.க்கு மேடை கட்டியிருந்தான். நல்லவேளை, ஆணி அடிக்கவில்லை, கயிற்றால் கட்டியிருந்தான். அவன் வாழ்க!

“பாய், யே டப்பா வாபஸ் சாஹியே.”

“க்யோன் சாப்? தேகே வாபஸ் லேதே ஹைன்?”

கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற ஈனத்தனத்தை ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் செய்தேன். பதிலுக்கு, கிடங்கில் இருந்த நல்ல பிளைவுட்டை அறுத்துப் பெட்டி செய்து தருகிறேன் என்று சத்தியம் பண்ணினேன். பதின்மூன்று கிடைத்தன. செருப்பு வாசனைக்கு ஊதுவத்தி காட்டினேன்.

பதினான்காவது, தெராவோவின் சதுரப் பெட்டி. அது செல்லையாவிடம் இருந்தது. செல்லையா எங்கள் கிடங்கின் தச்சர், அறந்தாங்கிப் பக்கம். கட்டிலடியிலிருந்து பெட்டியை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். மூடியைக் கேட்டதும் மூலையில் இருந்த முருகனைக் காட்டினார். அவருக்குக் கீழே இருந்த பலகை சரியாக ஒன்றரை அடிச் சதுரம், அடியில் இரண்டு சட்டம். தமிழ்நாட்டில் பிறந்த எவன் கண்ணுக்கும் அது மூடியாகத் தெரியாது. மணைதான்.

அப்போதுதான் நான் குப்புற விழுந்தது.

“செல்லையா, அந்த மூடிய எடுத்துக் குடுத்துருய்யா.”

“மூடி எங்க சார் இருக்கு?”

“அதான்யா, சாமி உக்காந்திருக்கே.”

“அது மணைல்ல சார்.”

“மணை மாதிரி இருக்கிற மூடிய்யா!”

“சாமி உக்காந்தப்புறம் என்னத்த சார் மூடி? மாலை போட்டிருக்கேன். தைப்பூசத்துக்கு இன்னும் ஒம்போது நாளு கெடக்கு. வெரதத்துக்கு நடுவுல சாமிய எழுப்பப்படாது.”

“வேற பலகை தர்றேன்யா. தேக்குல தர்றேன்.”

“தேக்கு என்ன சார், சந்தனத்துலயே குடுங்க. பூசம் முடிஞ்சு வாங்கிக்கிறேன்.”

அதட்டினேன். “கேம்ப் ரூம்ல திரி ஏத்தக் கூடாதுன்னு ரூல் இருக்கு தெரியுமா?”

“தெரியும் சார். நீங்கதான் ரெண்டு வருசமாப் பாத்தும் பாக்காத மாதிரி போறீங்க. முருகன் ஒங்களுக்குத்தான் புண்ணியத்த எழுதிக்கிட்டு இருக்காரு.”

வாசலில் வந்து நின்று கராமாவில் இருந்த என் வீட்டுக்கு போன் போட்டேன். என் மனைவி முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள். நான் இந்தியில் சொல்லியும் கேட்டாள்.

“இத பாருங்க, வேலை போனா ஊர்ல வேற வேலை தேடிக்கலாம். வெரதத்துல இருக்கிறவரோட மணையப் புடுங்கிட்டு இந்த வீட்டுக்குள்ள கால் வெச்சிராதீங்க.”

அந்த மூடியில் என்ன இருந்தது

தெராவோவிடம் உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. நான் எதிர்பார்த்தது ஒரு சத்தம், ஒரு கத்தல். மனிதர் அங்கிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அந்த மூடியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

குரு தனக்குப் பிடித்த மாணவனுக்கு ஒரு பெயர் கொடுப்பார். தன் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து, மாணவனுக்கென்று ஓர் எழுத்தோடு சேர்ப்பார். அந்தப் பெயரில்தான் அதற்குப் பிறகு அவன் ஓவியன். இருபத்தாறு வருஷத்தில் தெராவோவுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக்கூடக் கிடைத்தது. போன குளிர்காலத்தில், காக்கையைப் பார்த்த பிறகு, இசோபே படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பெட்டியின் மூடியைக் கேட்டு வாங்கினார். வெளியே படத்தின் பெயர். உள்ளே, தெராவோவின் புதுப் பெயர்.

“அதற்கு அடுத்த வாரம் சென்செய்க்குப் பக்கவாதம். வலது கை போய்விட்டது. அந்த மூடிதான் அவர் கடைசியாக எழுதியது.”

வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

சாயங்காலம் அவரைக் கேம்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஷூவைக் கழற்றி, ஜோடி சேர்த்து, வெளியே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். செல்லையா எழுந்து நின்றார். அவரும் கிட்டத்தட்ட அதே வயது. இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்ததில் யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் போய்விட்டது.

தெராவோ தரையில் குப்புறப் படுத்தார். என்னைப் போலவே, மொபைல் வெளிச்சத்தோடு. காலையில் நான் இரண்டு நொடியில் எழுந்துவிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. யாரோ கொண்டுவந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அறையில் ஒருவரும் ஜோக் அடிக்கவில்லை.

எழுந்ததும், “எத்தனை நாள்?” என்றார்.

“ஒன்பது.”

“பசை மூன்று வருஷம் காய்ச்சினேன். ஒன்பது நாள் பெரிதில்லை. இருக்கட்டும்.”

“நாளைக்கு உங்கள் சென்செய் வரிசையில் பார்ப்பாரே?”

“அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.” அப்படிச் சொல்லிக்கொண்டே அந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரர் வாசலில் ஷூவை வலது இடது மாற்றி மாட்டியதை நான் பார்த்தேன். ஆகா, நம்ம ஆள் என்று தோன்றியது.

செல்லையா என் காதோரம் வந்தார். “என்ன சார் சொல்றாரு?”

“ஒம்போது நாளும் வெச்சுக்கச் சொல்றாரு.”

“அதானே. அவரும் ஏதோ வெரதத்துலதான் இருக்காரு போல.”

மயில் கஷ்டம்

சனிக்கிழமை காலை அரங்கில் வெள்ளைத் துணி விரித்து மூடிகளை வைத்தார்கள். பதின்மூன்று மூடிகள், கடைசியில் ஒரு மூடியின் அளவுக்கு வெற்றிடம்.

இசோபேயின் நாற்காலி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றது. பூண்டுப் பெட்டியின் மூடி முன்னால் மூக்கை லேசாகச் சுளித்தார், அவ்வளவுதான். வெற்றிடத்தின் முன் வந்ததும் இடது கை விரல் ஒன்று எழுந்தது.

தெராவோ தலையைக் குனிந்தபடி பேசினார். நீளமாகப் பேசினார். நடுவில் என் பக்கம் கை காட்டினார். ஒரு தூணுக்குப் பின்னால் போகலாமா என்று பார்த்தேன். துபாய் ஹோட்டல்களில் எவ்வளவோ தூண் வைக்கிறார்கள், அந்த அரங்கில் ஒன்றுகூட இல்லை.

கிழவர் என்னிடம் ஏதோ கேட்டார். தெராவோ மொழிபெயர்த்தார். “என்ன கடவுள் என்று கேட்கிறார்.”

“முருகன். சின்ன வயசு. கையில் வேல். வாகனம் மயில்.”

“மயிலா?” இசோபே யோசித்தார். பிறகு சொன்னதைத் தெராவோ முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: “மயில் வரைவது ரொம்பக் கஷ்டம் என்கிறார்.”

நாற்காலி நகர்ந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. தெராவோவுக்கு வரவில்லை. அவர் அந்த வெற்றிடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்.

இழைப்புளி

தைப்பூசம் முடிந்தது. மறுநாள் டியூட்டிக்கு வரும்போதே செல்லையா பலகையைத் துண்டில் சுற்றிக் கையில் ஏந்தி வந்தார். பிரசவ வார்டிலிருந்து பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி.

துண்டைப் பிரித்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, எண்ணெய்க் கறை இல்லை.

எழுத்தும் இல்லை.

“செல்லையா...”

“எண்ணெய்க் கறையோட குடுத்தா நாலு பேரு என்ன சார் சொல்லுவாங்க? தச்சன் கையில இருந்த பலகை மாதிரியா இருக்கும்? மேல கெடந்த மைக் கிறுக்கலயும் சேத்து லேசா ரெண்டு இழைப்பு இழைச்சேன். புதுசாயிருச்சு பாருங்க.”

“யே க்யா கியா தும்னே!” என்று ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது. கத்திக்கொண்டே பலகையைத் திருப்பினேன். உள்ளே, இரண்டு சட்டங்களுக்கு நடுவே, பெயர் அப்படியே இருந்தது.

“அடிப்பக்கம் ஏன்யா இழைக்கல?”

“சட்டம் இருக்குல்ல சார். இழைப்புளி எப்புடி ஓடும்?”

அந்தச் சட்டத்தை வைத்த முகம் தெரியாத ஜப்பானியத் தச்சருக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் வெளிப்புறம் போனது போனதுதான். ‘மழை விட்ட பிறகு’ என்று இசோபே எழுதிய கடைசி எழுத்துகள் எங்கள் கிடங்கின் குப்பைத் தொட்டியில் சுருள் சுருளாகக் கிடந்தன. அள்ளிப் பார்த்தேன். கறுப்புப் புள்ளிகளோடு, ஊதினால் பறக்கிற மெல்லிய சுருள்கள். இதைச் சேர்த்து ஒட்ட முடியுமா என்று அரை நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன். பதறுகிறவன் என்னவெல்லாம் யோசிப்பான் என்பதற்கு இது சாட்சி.

தெராவோ மூடியை வாங்கி முதலில் உட்புறத்தைத்தான் பார்த்தார். பெயர் இருக்கிறது என்றதும் தோள் இறங்கியது. பிறகு திருப்பினார். “சென்செயிடம் இதையும் நான்தான் சொல்லவேண்டும்” என்றார். சொல்ல அவருக்குத் துணிவு வருவதற்குள் கண்காட்சியே முடிந்துவிட்டது.

கடைசி நாள்

அன்றைக்கு மாலை நாலு மணிக்குள் விமான நிலையத்தில் சரக்கை ஒப்படைத்தாகவேண்டும். வெளியே லாரி நின்றது. உள்ளே பதின்மூன்று பெட்டிகளை மூடிக் கட்டியாகிவிட்டது. செல்லையா சுத்தியலோடு வெளிப்பெட்டியின் பக்கத்தில் நின்றார். மேனேஜர் மூன்று நிமிஷத்துக்கு ஒரு யல்லா.

தெராவோ இசோபேயின் மடியில் மூடியை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, குனிந்து, அப்படியே நின்றுவிட்டார்.

கிழவர் மூடியைப் பார்த்தார். இடது உள்ளங்கையால் தடவினார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும். பிறகு குறுக்காக. பிறகு கண்ணை மூடிக்கொண்டு.

ஏதோ கேட்டார். தெராவோ தலையை நிமிர்த்தாமலே என்னிடம் சொன்னார். “இழைத்தது யார் என்கிறார்.”

நான் செல்லையாவைப் பார்த்தேன். காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ‘நான்தான்’ என்று சொல்லலாமா என்றுகூட வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் அவரே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். “நான்தாங்க ஐயா.”

இசோபே அவர் கையைக் காட்டச் சொன்னார். இழைப்புளியை எப்படிப் பிடிப்பாய் என்று சைகையில் கேட்டார். செல்லையா காற்றில் தள்ளிக் காட்டினார். கிழவர் இல்லை இல்லை என்று தலையாட்டி, ஒற்றைக் கையால் தன் பக்கம் இழுத்துக் காட்டினார். அவர்கள் ஊரில் இழுப்பார்களாம்.

“இழுத்தா எப்புடிங்க பலம் வரும்?” என்று செல்லையா தமிழிலேயே வாதம் பண்ணினார்.

இசோபே சிரித்தார். பிறகு பலகையைத் தட்டி ஒரு சொல் சொன்னார். தெராவோ சட்டென்று நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“என்ன சொன்னார்?” என்றேன் பதறி.

“நல்ல வேலை என்கிறார். இருபத்தாறு வருஷத்தில் எங்கள் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.”

கிழவர் மூடியைத் தெராவோவிடம் நீட்டினார். குரல் மாறியிருந்தது. சுருக்கமாக, கட்டளை மாதிரி. தெராவோ வேண்டாம் என்பது போல் இரண்டு கையையும் ஆட்டினார். மறுபடி அதே கட்டளை. இந்தமுறை இன்னும் மெதுவாக.

எழுதச் சொல்கிறார் என்பது யாரும் மொழிபெயர்க்காமலே எல்லோருக்கும் புரிந்தது.

தன் பையிலிருந்து மைக்கல்லை எடுத்து, தரையில் மண்டியிட்டு, மைக்கட்டியை நீர் விட்டு அதில் உரைக்க ஆரம்பித்தார் தெராவோ. அவசரப்பட்டு உரைக்கக் கூடாதாம். வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். தூரிகையை முக்கினார். மூடிக்கு மேலே கை நின்றது. ஒரு மூச்சு விட்டுவிட்டு இறக்கினார்.

மேலிருந்து கீழே எழுத்துகள் இறங்கின. கடைசிக்கு முந்தின எழுத்தில் ஒரு கோடு பாதியில் பிடிக்கவில்லை. திரி இருந்த இடம். எண்ணெய் இழைப்புக்கும் கீழே இறங்கியிருந்தது. மை அங்கே வழுக்கிக்கொண்டு ஒதுங்கியது. மேலே மறுபடி தீட்டுவார் என்று பார்த்தேன். தீட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கீழே, சின்னதாக, உட்புறம் இருந்த அந்தப் புதுப் பெயரை எழுதினார். முதல் தடவையாக, தன் கையாலேயே.

இசோபேயிடம் தூக்கிக் காட்டினார். கிழவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். ஒன்று சொன்னார். மடியில் இருந்த சிறு பையைத் துழாவி, கல் முத்திரை ஒன்றை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, இடது கையால் பெயருக்குக் கீழே அழுத்தினார். பழக்கமில்லாத கை. முத்திரை கோணலாக விழுந்தது. தெராவோ நெற்றியைத் தரையில் வைத்தார். தோள்கள் குலுங்கின.

“என்ன சார் சொன்னாரு பெரியவரு?” செல்லையா கிசுகிசுத்தார்.

பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவரிடம் கேட்டுச் சொன்னேன். “எழுத்து மோசம்னாரு.”

“அப்ப ஏன் சார் சீல் குத்துனாரு?”

பதில் சொல்வதற்குள் மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “யல்லா! மூடி வையுங்கள், ஆணி அடியுங்கள், வண்டி கிளம்பட்டும்!”

நான் மேனேஜருக்கும் தரையில் கிடந்தவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டேன். வாயைத் திறந்தால் இந்தி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“யல்லா மாஃபி, சார்” என்றேன். “மை காயட்டும்.”